பட்ட கிளையையும் விட்டுவையுங்கள்

பூங்காக்களில் பசுமைப் பரப்பு கூடினால் பறவைகளும் கூடிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பரப்பளவு மட்டும் போதாது. கத்தரித்த புல்வெளியும் வரிசையாக நட்ட அழகு மரங்களும் காகம், புறா, மைனாவுக்குப் போதும். மற்றவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இலைகள் பல உயரங்களில் அடுக்கடுக்காக இருக்கும் காட்டில் பறவை வகைகளும் அதிகம் என்று சூழலியலாளர் ராபர்ட் மெக்ஆர்தரின் ஆய்வு 1961-லேயே காட்டியது. நாமோ பூங்கா என்றதும் முதலில் புதர்களை அழிக்கிறோம்!

உணவும் அப்படித்தான். பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. மண்ணுக்குரிய மரங்களில் புழுக்கள் ஏராளம். அயல்நாட்டு அலங்காரச் செடிகள் பலவற்றில் அவை அரிது; மருந்தடித்தால் அதுவும் போயிற்று.

என்னை மிகவும் வருத்துவது பட்டுப்போன கிளைகளை வெட்டுவது. செம்மார்புக் குக்குறுவான் என்ற சிறு பறவை அத்தகைய கிளையின் அடிப்பக்கத்தில், மழைநீர் இறங்காதபடி, வட்டமாகத் துளையிட்டுக் கூடமைக்கும். மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தில் கிளியோ மைனாவோ குடியேறும். ஆந்தைக்கும் பொந்து வேண்டும். நடைபாதைக்கு மேல் நீளும் கிளையை வெட்டுங்கள், நியாயம். ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் நிற்பதை ஏன் தொட வேண்டும்?