சார்ஜ் போட வந்தவன் போனில் எத்தனை ஆப் இருக்க வேண்டும்?

பெட்ரோல் காரில் சென்னையிலிருந்து திருச்சி போகிறவர் எந்த பங்க்கில் நிறுத்துவது என்று முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வதில்லை. முள் கீழே இறங்கினால் அடுத்து வருகிற பங்க்கில் வண்டியை விடுகிறார், ஆயிரத்துக்குப் போடச் சொல்கிறார், ஜிபே பண்ணிவிட்டுக் கிளம்புகிறார். அதே ஜிஎஸ்டி ரோட்டில், அதே பங்க்குகளில், எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறவன் மட்டும் ஏன் நடு வெயிலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேட வேண்டும்? போன வாரம் முதல் முறையாகப் பொது சார்ஜரை நம்பி வெளியூர் போனேன். வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

காரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் ராத்திரி சொருகினால் காலையில் முழு சார்ஜ். சென்னைக்குள் ஓட்ட இதைவிட நல்ல வண்டி கிடையாது. சத்தம் இல்லை, புகை இல்லை, செலவு பெட்ரோலில் கால்வாசிகூட ஆவதில்லை. அதனால்தான் ஆத்திரமாக இருக்கிறது. இவ்வளவு நல்ல வண்டியைச் செய்து கொடுத்துவிட்டு, ஊர் தாண்டியதும் அநாதையாக விட்டுவிடுகிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். விழுப்புரம் தாண்டி ஒரு பங்க். மேப்பில் பச்சைப் புள்ளி, 60 கிலோவாட் வேக சார்ஜர், காலியாக இருக்கிறது என்று காட்டுகிறது. பின்சீட்டில் அம்மா. பேட்டரி 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. போனால் சார்ஜர் பங்க்கின் கடைசி மூலையில், டாய்லெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலே கூரை இல்லை. பெட்ரோல் போடுகிற இடத்துக்கு அவ்வளவு பெரிய கூரை போட்டவர்களுக்கு இங்கே நாலு தகடு போட மனசு வரவில்லை. அரை நிமிஷ வேலைக்கு நிழல், ஒரு மணி நேர வேலைக்கு வெயில்.

முதலில் அந்தக் கம்பெனியின் ஆப்பை இறக்க வேண்டும். அந்த மூலையில் சிக்னல் வந்து வந்து போகிறது. ஆப் இறங்கியதும் போன் நம்பர், ஓடிபி. ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்து மறுபடியும் முதலிலிருந்து. அப்புறம் பெயர், மின்னஞ்சல், வண்டியின் மாடல், வண்டி நம்பர். எல்லாம் கொடுத்தாலும் நேராகப் பணம் கட்ட முடியாது. அவர்களுடைய வாலட்டில் முதலில் பணம் போட வேண்டும். எனக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போட முடியாது, அவர்கள் சொல்கிற குறைந்தபட்சத் தொகையைத்தான் போட வேண்டும். ஐநூறு ரூபாய் போட்டேன். பேங்க்கிலிருந்து பணம் போய்விட்டது என்று மெசேஜ் வந்துவிட்டது. வாலட்டில் பூஜ்யம்.

எந்த மெஷின் என்று ஆப்புக்குக் காட்ட மெஷினில் ஒட்டியிருந்த க்யூஆர் ஸ்டிக்கர் வெயிலில் வெளிறிப் போய், ஒரு ஓரம் கிழிந்து கிடந்தது. கேமரா படிக்கவே மாட்டேன் என்கிறது. மெஷினின் திரையில் ஏதோ ஆங்கிலத்தில் ஓடுகிறது, உச்சி வெயிலில் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாலும் ஒரு எழுத்து தெரியவில்லை. மேலே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. பங்க் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டால், "சார், அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல சார். கம்பெனிக்காரங்க வெச்சுட்டுப் போனது" என்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. ஆனால் பங்க் வாசலில் 'இங்கே இவி சார்ஜிங் வசதி உண்டு' என்று ஆள் உயரத்துக்கு போர்டு வைத்திருக்கிறார்களே, அந்த போர்டுக்குச் சம்பந்தப்பட்டவர் யார்?

கஸ்டமர் கேருக்கு அடித்தேன். ஹிந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழ் இல்லை. கடைசியில் ஆள் வந்து மெஷின் நம்பர் கேட்டார், வண்டி நம்பர் கேட்டார், ரிமோட்டில் ரீஸ்டார்ட் செய்கிறேன் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. புகார் பதிவு செய்தாகிவிட்டது, டெக்னீஷியன் வருவார் என்றார். எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. "ஏம்ப்பா, வண்டி இங்கேயே நின்னுடுமா?" என்று அம்மா இறங்கி வந்து கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

அந்த நேரத்தில் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து போட்ட ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி மெஷினை ஒரு சுற்றுப் பார்த்தார். "எமர்ஜென்சி பட்டனை எவனோ அமுக்கிட்டுப் போயிருக்கான்ணே" என்று பக்கவாட்டில் இருந்த சிவப்பு பட்டனைப் பிடித்து வலது பக்கம் திருகினார். டக்கென்று வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கு பச்சைக்கு மாறியது. என் வாலட் கதையைக் கேட்டுவிட்டு, "விடுங்கண்ணே, என் ஆப்ல போட்டு விடுறேன், எனக்கு ஜிபே பண்ணிடுங்க" என்றார். முன்பின் தெரியாத மனிதர், தன் வண்டிக்கும் சார்ஜ் வேண்டும், சவாரி காத்திருக்கிறது. அவர் செய்த உதவியை அந்தக் கம்பெனியின் மொத்த கஸ்டமர் கேரும் செய்யவில்லை.

போனில் பேசியவர் 'சிவப்பு பட்டன் உள்ளே அமுங்கியிருக்கிறதா, பாருங்கள்' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்தது. மெஷின் மேல் தமிழில் ஒரே ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் கஸ்டமர் கேரே தேவைப்பட்டிருக்காது. முதல் முறை வருகிறவனுக்கு அந்த பட்டனைப் பற்றி எப்படித் தெரியும்? சார்ஜர் ஒயரின் முனையில் இருக்கிற கன்னை எப்படிச் சொருகுவது, கதவைப் பூட்ட வேண்டுமா, சார்ஜ் முடிந்த பிறகு கன் வெளியே வராவிட்டால் என்ன செய்வது, எதையும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. லட்சக்கணக்கில் செலவு செய்து மெஷின் நட்டவர்களுக்கு நூறு ரூபாய் ஸ்டிக்கருக்கு வழியில்லையா?

சரி, சார்ஜ் ஏற ஆரம்பித்தது. அதோடு முடிந்ததா? 60 கிலோவாட் என்று போட்டிருக்கிறார்களே, அது ஒரு வண்டி நிற்கும்போது மட்டும்தான். இன்னொரு கன்னில் இன்னொரு வண்டி சொருகினால் பாதி பாதியாகப் பிரிந்து 30 ஆகிவிடும். 24 யூனிட் ஏற்ற அரை மணிக்கும் குறைவாக ஆக வேண்டியது முக்கால் மணிக்கு மேல் ஆகிறது. இதை ஆப்பிலும் சொல்வதில்லை, மெஷினிலும் சொல்வதில்லை. விலையும் அப்படித்தான். யூனிட் 20 ரூபாய் என்று பெரிதாகப் போட்டு, 18 சதவீத ஜிஎஸ்டியைப் பில்லில் சேர்த்து 23 ரூபாய் 60 காசு வாங்குகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் போர்டில் போட்ட விலைதான் கையில் கொடுக்கிற விலை. இங்கே மட்டும் ஏன் வரியை மறைத்து விலை சொல்ல வேண்டும்? எலெக்ட்ரிக் கார் வாங்கும்போது ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு ரோட்டில் சார்ஜ் போட 18 சதவீதம் என்பது தனிக் கொடுமை. அதை இன்னொரு நாள் பேசுகிறேன்.

என் முக்கியமான கோபம் அந்த ஆப் மேலும் வாலட் மேலும்தான். அதே ரோட்டில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாக டோல்கேட் இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். எந்த பேங்க் டேக் ஒட்டியிருந்தாலும் எந்த டோலிலும் கேட் திறக்கிறது. பரனூருக்கு ஒரு ஆப், விக்கிரவாண்டிக்கு ஒரு வாலட் என்று யாரும் கேட்பதில்லை. நம்மிடமிருந்து பணம் வாங்க வேண்டும் என்று நினைத்தபோது நாடு முழுவதற்கும் ஒரே ஏற்பாட்டை அவர்களால் செய்ய முடிந்தது. 2016-ல் யுபிஐ வந்தது. இன்றைக்கு அந்த டோல்கேட் ஓரத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அக்காகூட ஒரு க்யூஆர் அட்டை வைத்து இருபது ரூபாய் வாங்கிக்கொள்கிறார். இவ்வளவு பெரிய மெஷினுக்கு அந்த அட்டையை வைக்கத் தெரியாதா? தெரியும். வாலட்டில் நம் பணம் கிடந்தால் அவர்களுக்கு லாபம், நாம் இன்னொரு கம்பெனி சார்ஜருக்குப் போக மாட்டோம் என்பது அவர்கள் கணக்கு. ஒவ்வொரு ஆப்பிலும் முந்நூறு, ஐநூறு என்று மாட்டிக்கொண்டிருக்கும் பணம் நாம் சம்பாதித்த பணம். திருப்பிக் கேட்டால் ஏழு வேலை நாள் என்கிறார்கள். எடுக்கும்போது ஒரு நொடி, கொடுக்கும்போது ஏழு வேலை நாளா?

'ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்' என்று சொல்கிறவர்களிடம் கேட்கிறேன், எதுவரைக்கும் ஆரம்பம்? சார்ஜிங் ஸ்டேஷன் வைக்க மின் விநியோக லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் அறிவித்தது 2018-ல். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் போட்டதும் அதே வருஷம். 2023 மார்ச்சில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 சார்ஜிங் ஸ்டேஷன் வைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எலெக்ட்ரிக் வண்டிகளுக்காக மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி. இது நம் வரிப் பணம். எத்தனை நட்டோம் என்ற கணக்கு அறிக்கையில் வருகிறது. நட்டதில் இன்றைக்கு, இந்த நிமிஷம் எது ஓடுகிறது என்பதை நான் எங்கே போய்ப் பார்ப்பது? பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, ஊரையே அழைத்துவிட்டு அடுப்பே பற்ற வைக்காத கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

பழகியவர்கள் சொல்கிற யோசனை இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது. எட்டு பத்து ஆப் வைத்துக்கொள், எல்லாவற்றிலும் கொஞ்சம் காசு போட்டு வை, போவதற்கு முன்னால் போன் பண்ணிக் கேள், மற்றவர்கள் போட்ட கமென்ட்டைப் படித்துப் பார், எப்போதும் கையில் இன்னொரு சார்ஜருக்குப் போகிற அளவுக்கு ரேஞ்ச் வைத்துக்கொள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் இதையெல்லாம் பழக்கமாக்கிக்கொண்டதால்தான் கம்பெனிகள் தப்பிக்கின்றன. என் அம்மா வயதில் ஒருவர் தனியாக ஓட்டி வந்தால் பத்து ஆப்பில் ஓடிபி போட்டுக்கொண்டிருப்பாரா? ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளையோடு ஒரு பெண் வந்து, விளக்கும் எரியாத, ஆள் நடமாட்டமும் இல்லாத அந்த மூலையில் நின்று கஸ்டமர் கேருக்குக் காத்திருக்க முடியுமா? அவர்களையெல்லாம் நினைத்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களா?

பெட்ரோல் பங்க்குக்கு எத்தனை விதிகள் இருக்கின்றன! அளவில் சந்தேகம் என்றால் முத்திரை போட்ட 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். காற்று, குடிதண்ணீர், டாய்லெட் இலவசமாகத் தர வேண்டும். புகார் புத்தகம் வைத்திருக்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று பெயரும் நம்பரும் சுவரில் எழுதியிருக்க வேண்டும். அதே வளாகத்தில் பத்தடி தள்ளி நிற்கிற சார்ஜருக்கு மட்டும் கேட்க நாதி இல்லை. இங்கிலாந்தில் 2023-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்களில் எந்த பேங்க் கார்டையும் தட்டிப் பணம் கட்டிவிட்டுப் போக வசதி வேண்டும். அந்த வேக சார்ஜர்களை நடத்தும் கம்பெனி வருஷ சராசரியில் 99 சதவீத நேரம் அவற்றை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். 24 மணி நேரமும் இலவசமாகப் பேச ஒரு உதவி நம்பர் வேண்டும். எந்த சார்ஜர் ஓடுகிறது என்ற தகவலை எல்லாருக்கும் திறந்து விட வேண்டும். தவறினால் அபராதம். நாம் ஏன் இதைக் கேட்கக் கூடாது? மானியம் வாங்கி வைத்த சார்ஜருக்காவது இந்தக் கட்டாயம் போடலாமே.

அந்த டிரைவர் அண்ணன் கிளம்பும்போது எந்த ஊரில் எந்த பங்க்கில் மெஷின் ஓடும், எங்கே கரண்ட் போனால் ஜெனரேட்டர் கிடையாது, எங்கே பெட்ரோல் காரைக் குறுக்கே நிறுத்தி வைத்திருப்பார்கள் என்று திருச்சி வரைக்கும் வரிசையாகச் சொன்னார். அதை நம்பித்தான் போய்ச் சேர்ந்தேன். உளுந்தூர்பேட்டை பக்கம் அவர் சொன்ன இடத்தில் முதல் முறையே சார்ஜ் ஏறியது. அதாவது ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியும், சிலர் வைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களை யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

என் ஐநூறு ரூபாய் இன்னும் வரவில்லை. பேங்க் மெசேஜ், மெஷின் நம்பர், வெளிறிப்போன ஸ்டிக்கரின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். உங்கள் பணமும் இப்படி ஏதாவது வாலட்டில் மாட்டியிருந்தால், முந்நூறு ரூபாய்தானே என்று விடாதீர்கள். நீங்களும் 1915-க்கு அடித்துப் புகார் கொடுங்கள்.