தகவலாளி எண் 7

சனிக்கிழமை ஒரு மானுடவியல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வடசென்னை மீனவர் பகுதியான காசிமேட்டைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிய மேடையில் காசிமேட்டு ஆள் ஒருவர்கூட இல்லை. கீழே உட்கார்ந்து கை தூக்கிய காசிமேட்டுக்காரன் என்னிடம், "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, கோட்பாட்டை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். சரிதான். நானும் மானுடவியல் முதுகலைதான் சாமி.

இந்தப் படிப்பு இந்த ஊருக்கு வந்த கதையே அப்படித்தான். எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்தார். ரங்காச்சாரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1909இல் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். வயநாட்டில் பணியர் பழங்குடிப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்துப் பஞ்சடைத்து மெட்ராஸ் மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயம். அதை அவரே வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்களுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது.

"அது வெள்ளைக்காரன் காலம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் துறை வந்தே 1945 ஆச்சு" என்று ஒருவர் வருவார். வரட்டும். கொச்சியில் வாத்தியார் வேலையோடு ஆய்வும் செய்த அனந்தகிருஷ்ண அய்யர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. மானுடவியலாளர் அய்யப்பன் தான் பிறந்த ஈழவர் சமூகத்தையே ஆராய்ந்தாரே என்பீர்கள். ஆமாம், ஆராய்ந்தார். அதைத்தானே நானும் கேட்கிறேன்? அவருக்குப் பொருந்தியது எனக்கு மட்டும் ஏன் 'அனுபவம்' ஆகிப்போகிறது?

உணர்ச்சிவசப்படுகிறேனாம். படுகிறேன்தான்.

பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு ஆய்வு மாணவி எங்கள் வீட்டுக்கு நாலு சாயங்காலம் வந்தார். ஆயா, அதாவது என் பாட்டி, வாசலில் உட்கார்ந்து கவலை மீன் ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள். முழங்கை வரைக்கும் செதில். கடல் நீரோட்டத்தில் தெண்டி என்றால் என்ன, வன்னி என்றால் என்ன, தண்ணி எந்தப் பக்கம் இழுத்தால் தாத்தா வலையை எடுக்கவே மாட்டார், எல்லாம் சொன்னாள். நாங்கள் மீனை ஆய்கிறோம், அவர்கள் எங்களை. போகும்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு கூறு மீனும் கட்டிக் கொடுத்தாள். பிறகு நூலகத்தில் அந்த ஆய்வேட்டைப் பார்த்தேன். நீரோட்டத்தைப் பற்றி முழுதாக ஒரு இயல். அடிக்குறிப்பில் 'தகவலாளி எண் 7, பெண், வயது 65'.

பெயரை மறைப்பதுதான் ஆய்வு அறம் என்று பாடம் எடுக்க வராதீர்கள். நானும் அதே பாடத்தில் பாஸ் ஆனவன். மறைக்கட்டுமா என்று ஆயாவிடம் யாராவது கேட்டார்களா? குற்றமா செய்தாள், ஒளித்து வைக்க? எழுதியவர் பெயர் மட்டும் அட்டையில் தங்க எழுத்தில் மின்னுகிறது.

சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஆயா கேட்டாள், "இன்னாடா, அந்தப் புள்ள புக்கு போட்டுச்சா? அதுல என் பேரு கீதா?"

"கீது ஆயா" என்றேன்.