இட்லித் தட்டை நான் அவமதிக்கவில்லை

முந்தாநாள் 'வெண்பா' என்கிற வீடியோ கேமைப் பற்றி நான் போட்ட நாலு வரி, இரண்டு வரியாகச் சுருங்கி எந்தெந்த குரூப்பில் எல்லாம் சுற்றிவிட்டு வந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் எனக்கே அனுப்பி, "அண்ணே, இது நீங்கதானா?" என்று கேட்டீர்கள். நான்தான். பெயர், புரொஃபைல் படம், பின்னால் தெரிகிற பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் எல்லாம் என்னுடையதுதான். வெட்டின கத்திரிக்கோல் மட்டும் என்னுடையது இல்லை.

எழுதினதை முழுசாக மறுபடி போடுகிறேன். "வெண்பா விளையாடி முடித்தேன். கடைசியில் அழுதுவிட்டேன், கதைக்கு முழு மார்க். ஆனால் விளையாட்டு என்று பார்த்தால் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது, புதிர்கள் ரொம்ப எளிது. விளையாட்டுக்குப் பாதி மார்க்." சுற்றியது பின்பாதி. நான் அழுததைக் காணோம், முழு மார்க்கையும் காணோம். மேலே சிவப்பு எழுத்தில் "தமிழனுக்குத் தமிழனே எதிரி" என்று தலைப்பு மட்டும் புதிதாக முளைத்திருக்கிறது.

அதற்குக் கீழே வந்த கருத்துகளில் எனக்குப் பிடித்தது இது: "தமிழ்ப் பொம்பளை இட்லி சுட்டா இளக்காரம், வெள்ளைக்காரன் துப்பாக்கி சுட்டா மட்டும் கலையோ?" நல்லாத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் இட்லியை அவிப்போம், அதை விடுங்கள்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். நான் காசு கொடுத்து வாங்கினேன். உட்கார்ந்து விளையாடினேன். பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொன்னேன். இதில் துரோகம் எந்த மூலையில் இருக்கிறது? கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் வாங்கின 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்ளலாம். வெண்பாவை நான் முடித்ததே ஒன்றரை மணி நேரத்தில். நினைத்திருந்தால் முழுக்கதையையும் பார்த்துவிட்டுக் காசையும் திருப்பி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. என்னைத் திட்டின எழுபத்துச் சொச்சம் பேரில் எத்தனை பேர் அந்த கேமை வாங்கியிருக்கிறீர்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: 1988இல் கனடாவில் குடியேறின ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டில் அங்கங்கே எழுத்து அழிந்திருக்கும். அழிந்ததை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். 2023இல் வந்தது, டொரண்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் அறிமுக விளையாட்டுக்கான விருதும் வாங்கியது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதுதான் முதல் புதிர். நான் யோசிக்கவே இல்லை, கை தன்னால் அடுக்கிவிட்டது. என் குறையே அதுதான். தப்பாக அடுக்கினாலும் ஒன்றும் ஆகாது, மறுபடி அடுக்கலாம். மாவு வீணாகாது, வீட்டில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள், அதனால் கைக்குப் பயமே இல்லை. கை பயப்படாத இடத்தில் எனக்கு விளையாட்டு ருசிப்பதில்லை. இது என் நாக்கு. உங்கள் நாக்கு வேறாக இருக்கலாம்.

புட்டு வந்த இடத்தில் மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க்காரனுக்குப் புட்டு என்றால் சும்மாவா! குழலில் மாவும் தேங்காயும் அடுக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தாள். "மாவு நனைஞ்சது காணாது போலிருக்கே மக்களே" என்றாள். கேம் என்று சொன்னேன். "கேமுன்னாலும் நனையாண்டாமா?" என்று சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கவின் வளர்ந்து, அம்மாவின் நோட்டைத் திறந்து, அதிலிருக்கிற தமிழ் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அவன் திணறுகிற கட்டம் வந்தபோது, "அந்தப் பையன் கடைசியில அம்மைட்ட வந்தானா?" என்று கேட்டாள். பதிலைச் சொன்னால் கதை வெளியாகிவிடும், விட்டுவிடுகிறேன். சொல்ல வந்தது, நாம் படிக்க முடியாமல் திணறுவதையே விளையாட்டாக்கின அந்தக் கட்டம் ஒன்றுக்காகவே கேமை வாங்கலாம். போன வாரமும் இதைத்தான் நினைத்தேன், இப்போதும் இதைத்தான் நினைக்கிறேன். அதோடு பாதி மார்க்கும் பாதி மார்க்தான்.

"நம்ம ஆளு செஞ்சது, கொஞ்சம் தாங்கிப் பிடிச்சா என்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், தாங்கிப் பிடிக்க அது தவழுகிற குழந்தை இல்லை. ஊர் உலகமெல்லாம் விளையாடின கேம். நான் பாதி மார்க் போட்டால் கவிழ்ந்து விழாது. 2020இல் புனே குழு ஒன்று செய்த 'ராஜி' வந்தபோதும் இதே மாதிரி எழுதினேன். அக்கா தம்பியைத் தேடிப் போகிற கதை, நிழல் பொம்மலாட்டமாகக் கதை சொல்கிற இடமெல்லாம் அருமை, ஆனால் சண்டையில் கை ஒட்டவே இல்லை என்று. அன்றைக்கு யாரும் என்னைத் தேசத்துரோகி என்று சொல்லவில்லை. அன்றைக்குப் படித்ததே பதினொரு பேர், அது வேறு விஷயம்.

"சின்னக் குழு செய்ததைப் பெரிய கம்பெனி அளவுகோலால் அளக்காதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். வந்ததிலேயே நியாயமான பேச்சு அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டார்டியூ வேலி என்கிற விவசாய கேம் ஒற்றை ஆள் செய்தது. எரிக் பரோன் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து, படம், பாட்டு, கதை எல்லாம் தானே செய்து 2016இல் வெளியிட்டார். அதில் நான் இருநூறு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கிறேன்.

கிடந்தாலும் அதையும் நான் விட்டுவைக்கவில்லை, கேளுங்கள். 2018 தொடக்கம். ஒக்கி புயல் அடித்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. 2017 நவம்பர் 30ஆம் தேதியை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். கடலுக்குப் போனவர்களின் வீடுகளில் நடந்ததுக்கு முன்னால் எங்கள் நஷ்டம் ஒன்றுமே இல்லை, இருந்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். குலை தள்ளி நின்ற ஏத்தன் வாழை முந்நூறு மூடு, விடியும்போது ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. ரப்பர் பாதிக்கு மேல் முறிந்தது. கரண்டு வர பதினேழு நாள். வந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்ப்யூட்டரைத் திறந்து விவசாயம் பார்த்தேன். முதல் நாள் பதினைந்து பார்ஸ்னிப் விதை தருவார்கள், தண்ணீர் ஊற்றினால் நாலு நாளில் கிழங்கு. பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் காசு.

அப்பா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் அந்த இரண்டு மாசமும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான் ஏதாவது ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். "எடே, இந்தப் பெட்டியில இருந்து எடுத்துட்டுப் போறவன் யாரு?" என்றார். ஊர் மேயர் ராத்திரி வந்து எடுத்துப்போவார் என்றேன். "நேத்தைக்கும் இதே வெலதான் தந்தானா?" ஆமா. "நாளைக்கும்?" ஆமா, கிழங்கு தரமாக இருந்தால் கொஞ்சம் கூடத் தருவார். "கொறையவே கொறையாதா?" குறையாது. அப்பா சிரித்தார். புயலுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. "அப்போ இதை விவசாயம்னு சொல்லப்படாது" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டார்டியூ வேலி பற்றி எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். அப்பா சொன்னதை விட நேர்மையான ஒன்றைப் படித்ததில்லை. அவர் பத்து நிமிஷம்தான் பார்த்தார். முழுசாக விளையாடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "முடிக்காத கேமைப் பற்றி வாய் திறக்கலாமா" என்று ஒரு கூட்டம் எல்டன் ரிங் என்கிற கேம் வந்த சமயத்திலிருந்தே என் பின்னால் திரிகிறது. இந்தத் தடவையும் சாக்குக் கிடைத்ததும் வந்து சேர்ந்துகொண்டார்கள், வெண்பாவை நான் முடித்திருக்கிறேன் என்பதுகூட அவர்களுக்குப் பொருட்டில்லை. 2022இல் எல்டன் ரிங்கை வாசல் காவல்காரன் மார்கிட்டிடம் நாற்பது தடவை செத்துவிட்டு மூடினேன். மூன்று மாசம் கழித்துத் திறந்து அவனை முடித்தேன், கோட்டைக்குள் காட்ரிக்கிடம் செத்தேன், மறுபடி மூடினேன். மூடினது மூடினதுதான். எளிதாக்கிக்கொள்ள அதில் வழி வைக்கவில்லை, அதை இயக்கின மியாசாகி வைக்க மாட்டார், அது அவர் கொள்கை, இருக்கட்டும். ஆனால் காலையில் ஆறு மணிக்கு எழுந்து சோலிக்குப் போகிற எனக்கு ராத்திரி ஒரு மணி நேரம்தான் உண்டு, அதில் ஐம்பது நிமிஷம் செத்துக்கொண்டே இருக்க எனக்கு மனசில்லை என்று சொன்னால், "உனக்குத் திறமை இல்லை" என்கிறார்கள். திறமை இல்லைதான். கல்யாண வீட்டுப் பந்தியில் பிரதமன் பாயசம் அடிப்பிடித்திருக்கிறது என்று சொல்ல உருளியைக் காலி செய்ய வேண்டுமா? இத்தனைக்கும் அந்த கேமில் பூமிக்குள் இறங்குகிற ஒரு லிஃப்ட் உண்டு. இறங்கும், இறங்கும், இன்னும் இறங்கும், கீழே போனால் தலைக்கு மேலே நட்சத்திரம். நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்தேன். அதையும் எழுதினேன். அதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை.

"முப்பத்தெட்டு வயசுல கேமா?" என்பவர்களுக்கு: ஆமா.

ரெட் டெட் 2 கௌபாய் கேம் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்ட தம்பிக்கு: 150 ஜிபி, எங்கள் ஊர் இணையத்தில் மூன்று ராத்திரி, இறங்கின பிறகு குதிரையை விட்டு இறங்கவே மனசு வரவில்லை, பெரும்பாலும் மலைப்பாதையில் சும்மா சுற்றுகிறேன். கதை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்காதே. பப்ஜி நிஜமாகவே நல்ல கேம், 2020 செப்டம்பரில் தடை வந்தபோது நானும் வெப்ராளப்பட்டேன், அதை அன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, இன்றைக்கு இல்லை.

இதுவரை எழுதினது எல்லாம் முகம் தெரியாதவர்களுக்கு. முகம் தெரியாதவர்கள் ஏசினால் எனக்குப் பெரிசாக ஒன்றும் ஆகாது. வைஸ் சிட்டி கேமில் போலீஸ் துரத்தினால் 'லீவ் மீ அலோன்' என்று டைப் அடித்தால் போதும், போலீஸ் தேடுவதைக் காட்டுகிற நட்சத்திரமெல்லாம் போய்விடும். அதை இப்போது இங்கே அடித்துப் பார்க்கலாமா என்று நேற்று ராத்திரி யோசித்தேன். அந்த சீட் கோடை எனக்குச் சொல்லித் தந்தவன்தான் கத்திரிக்கோல் போட்டவன் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

பெயர் சொல்ல மாட்டேன். தக்கலையில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய், ஆளுக்குப் பத்து போட்டு ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து ஆடினோம். கீபோர்டு அவன், மவுஸ் நான். அவன் வண்டி ஓட்டுவான், நான் சுடுவேன். பொம்மை ஹெலிகாப்டரில் குண்டு எடுத்துக்கொண்டு போய்க் கட்டிடத்தில் வைக்கிற மிஷன் எங்கள் ரெண்டு பேராலும் முடியவே இல்லை. அந்த சென்டருக்கு வந்த யாராலும் முடியவில்லை. எல்லாரும் பான்சர் என்று அடித்து டாங்கியை வரவழைத்து ஊரை இடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம், எங்கள் தலைமுறை வைஸ் சிட்டி விளையாடின லட்சணம் அவ்வளவுதான்.

நீ அந்த நாலு வரியையும் படித்துவிட்டுத்தானே வெட்டினாய்? நான் அழுதேன் என்று எழுதின வரியைப் படித்துவிட்டு, அதை விரலால் தள்ளி வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தைச் சேமித்தாய். எனக்குப் போன் பண்ணி "என்னடே இப்படி எழுதியிருக்கே" என்று கேட்டிருக்கலாம். உன் நம்பர் மாறவில்லை, என் நம்பரும் மாறவில்லை.

2004இல் ஒருநாள் நான் வராத சாயங்காலம் அந்த ஹெலிகாப்டர் மிஷனை முடித்துவிட்டதாகச் சொன்னாய். சேவ் ஃபைல் எங்கே என்று கேட்டார்கள். சென்டர்க்காரர் ஃபார்மட் பண்ணிவிட்டார் என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், உன் முகம் சிவந்துபோயிற்று. நான் குறுக்கே புகுந்து, "நானும் கூட இருந்தேன், முடிச்சான்" என்று சொன்னேன். அதோடு அடங்கினார்கள்.

நான் அன்றைக்கு ஆசாரிபள்ளத்தில் சித்தி வீட்டில் இருந்தேன்.