காஞ்சோண்டி வேறு, நெட்டில் வேறு

தொட்டால் கடிக்கும் நெட்டில் (nettle) என்ற செடியில் செய்யும் சூப் பற்றிய கட்டுரை நல்லது. ஆனால் அதன் கீழே கருத்து எழுதிய ஒருவர், வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் நிற்கும் காஞ்சோண்டியையும் இப்படி அவிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். ஐரோப்பாவிலும் இமயமலைப் பக்கமும் சமைக்கும் நெட்டில் நிமிர்ந்து வளரும் செடி. இலைகள் எதிரெதிரே சோடியாக இருக்கும். நம்முடைய காஞ்சோண்டி சுற்றிப் படரும் கொடி, இலைகள் மாறி மாறி வரும். ஆமணக்கின் குடும்பம் அது. கடிக்கும் விதமும் வேறு: நெட்டில் மயிரின் கண்ணாடி போன்ற நுனி உடைந்து, அரிப்பூட்டும் ஹிஸ்டமின் தோலுக்குள் போகிறது. காஞ்சோண்டியில் கல்சியம் ஒக்சலேட் என்னும் உப்பின் ஊசி போன்ற படிகமே குத்துகிறது. அதன் வேர் நாட்டு வைத்தியத்தில் உண்டு, சரி, அதற்காகச் சட்டியில் போடலாமா? கால்வாய்க் கரையில் சேரும் கழிவைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

லண்டனில் இருக்கும் என் மச்சாள் நெட்டிலில் வறையே செய்கிறா. கையுறை போட்டு, பூக்குமுன் நுனிக் குருத்தை மட்டும் கிள்ளி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் சுணை அடங்கிவிடும். அப்புறம் இறுக்கப் பிழிந்து, பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மாசித்தூள், கடைசியில் தேங்காய்ப்பூ. முருங்கையிலைக்கும் பசளிக்கும் நடுவில் ஒரு ருசியாம். கொழும்பில் ஆசைப்படுபவர்கள் சந்தையில் வல்லாரையோ பொன்னாங்காணியோ வாங்கி இதே மாதிரிச் செய்யலாம். வல்லாரையை மட்டும் அவிக்காமல் பச்சையாகவே அரிந்து, தேசிக்காய் பிழியுங்கள்.