டெனோசுமாப் கட்டியைக் கொல்வதில்லை
டெனோசுமாப் என்பது, எலும்பை அரிக்கும் செல்கள் உருவாகத் தூண்டும் ரேங்க்-லைகண்ட் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்து. இந்தச் சமிக்ஞையைத் தடுத்தால் எலும்புக் கட்டியே அழிந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் வருவது, எலும்பின் ஜெயண்ட் செல் கட்டியை (பெரிய செல்கள் நிறைந்த கட்டி) பொறுத்தவரை சரியில்லை. பல உட்கருக்களோடு நுண்ணோக்கி ஸ்லைடில் பளிச்சென்று தெரியும் அந்தப் பெரிய செல்கள் உண்மையில் கட்டிச் செல்களே அல்ல. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் வகை. கட்டியை உண்டாக்கும் எச்3எஃப்3ஏ மரபணுப் பிறழ்வு இருப்பது அவற்றுக்கு இடையிலுள்ள சிறிய ஸ்ட்ரோமல் செல்களில்; உண்மையான கட்டிச் செல்கள் இவையே. ரேங்க்-லைகண்டைச் சுரந்து, மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களை ஒன்றாக இணைத்து அந்தப் பெரிய செல்களாக்குபவை இந்தச் சிறிய செல்கள்தான். டெனோசுமாப் 120 மி.கி. தோலுக்கடியில் 4 வாரத்துக்கு ஒருமுறை, முதல் மாதம் மட்டும் 8, 15ஆம் நாட்களிலும் கூடுதலாகப் போடுவார்கள். பெரிய செல்கள் மறையும், வலி குறையும், எக்ஸ்ரேயில் ஓரத்தில் வெள்ளையாகப் புது எலும்பு தெரியும். ஆனால் ஸ்ட்ரோமல் செல்கள் சாகாமல் அங்கேயே இருக்கும். ஊசியை நிறுத்தினால் பழைய வேலையைத் தொடங்கிவிடும். இன்னொரு சிக்கல்: அந்தப் புது எலும்புக்குள் இவை ஒளிந்துகொள்வதால், பிறகு அறுவையில் கட்டியைச் சுரண்டி எடுக்கும்போது கருவிக்கு எட்டாது, அதனால் அதே இடத்தில் கட்டி திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பு போல அறுவை கடினமான இடத்தில்தான் இம்மருந்தின் பயன் பெரிது. இந்த ஊசி ரத்தத்தில் கால்சியத்தைக் குறைக்கும்; அதற்குக் கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா என்றால், போதாது. முதல் ஊசிக்கு முன்பே வைட்டமின் டி, கால்சியம் அளவைப் பார்த்துக் குறையைச் சரிசெய்ய வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதையும் முன்பே முடித்துப் புண் ஆற விட வேண்டும், தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு.