கறுப்பு மையும் நேரலையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, பேச்சு பயங்கரவாதத் தாக்குதல்களைத் தொலைக்காட்சிகள் காட்டும் விதத்தை நோக்கித் திரும்பியது. "குண்டு வெடித்தால் அரசாங்கம் சொல்லும் வரையில் எந்தப் பத்திரிகையும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுவிட்டால் போதும், மாமா" என்றான் என் அக்காள் மகன். அவன், தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு பிறந்தவன். காரிய வீட்டில் எவ்வளவுதான் வாதாடுவது? ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

அப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் நாங்கள் வாழ்ந்திருக்கிறோம். 1986 ஜூன் 12 அன்று நாடு முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் காவல்துறையும் இராணுவமும் செய்தவற்றைப் படம் எடுக்கவும், அரசின் அனுமதியில்லாமல் செய்தியாக வெளியிடவும் தடை வந்தது. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை இரவு, டர்பன் மரைன் பரேடில் மகூஸ் மதுக்கூடத்துக்கு வெளியே, நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடியவர்கள் வைத்த கார் குண்டு வெடித்து மூன்று பெண்கள் இறந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அந்த மூன்று மரணங்களை எந்த அரசியல் நியாயத்தாலும் கழுவிவிட முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்க முடிந்த எங்களுக்கு, அதே வாரங்களில் குடியிருப்புகளில் யார் யாரைச் சுட்டார்கள் என்று படிக்க வழியில்லை. ஜோகன்னஸ்பர்க்கின் வீக்லி மெயில், தடைக்கு உள்ளாகும் வரிகளைக் கறுப்பு மையால் மறைத்து அப்படியே அச்சிட்டது. மறைத்த கோடுகளே அன்றைக்குச் செய்தியாக இருந்தன.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், கேப் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியர் டோனி ஹெர்ட், நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஆலிவர் தாம்போவின் பேட்டியை வெளியிட்டதற்காகக் கைது செய்யப்பட்டார். தடை செய்யப்பட்டவரின் சொற்களை மேற்கோள் காட்டுவதே அப்போது குற்றம். அரசின் அகராதியில் தாம்போ பயங்கரவாதி. 1987இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரும் அந்த இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்பு என்றுதான் குறிப்பிட்டார். பயங்கரவாதிகளுக்கு விளம்பரம் என்னும் உயிர்க்காற்றைக் கொடுக்கக் கூடாது என்று 1985இல் சொன்னவரும் அவரே. அந்த அறிவுரையை ஹெர்ட் கேட்டு நடந்திருந்தால், வெள்ளை வாசகர்கள் தங்கள் எதிரி என்ன கேட்கிறான் என்பதையே அறியாமல் இருந்திருப்பார்கள்.

இதைச் சொன்னவுடன் என் மருமகன் மடக்குவான் என்று தெரியும்: அப்படியானால் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பள்ளிவாசல்களில் சுட்டவனின் அறிக்கையையும் அச்சிட வேண்டியதுதானே? இல்லை. தாம்போவிடம் பத்திரிகையாளர் கேள்வி கேட்டார். எதைக் கேட்பது, எதை வெளியிடுவது என்பதைப் பத்திரிகையே தீர்மானித்தது. 2019 மார்ச் 15 அன்று 51 பேரைக் கொன்றவனோ, தலைக்கவசத்தில் கேமராவைப் பொருத்திக்கொண்டு, தன் நிகழ்ச்சியைத் தானே தயாரித்து முகநூலில் ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை அகற்றியதாக முகநூல் நிறுவனம் தெரிவித்தது. அதில் ஒரு துண்டை எடுத்துப் போடும் செய்தி நிறுவனம் செய்தி சேகரிக்கவில்லை, கொலைகாரனுக்காக விநியோகம் செய்கிறது. கேமரா யார் கையில் இருக்கிறது என்பதே என் அளவுகோல்.

மும்பையில், 2008 நவம்பரில், கேமரா தொலைக்காட்சி நிறுவனங்களின் கையில்தான் இருந்தது. பயன் மட்டும் வேறு பக்கம் போனது. கமாண்டோக்களின் நடமாட்டத்தை நேரலையில் பார்த்து, எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் தொலைபேசியில் ஆணையிட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2012இல் அந்த ஒளிபரப்பைக் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் நடவடிக்கை முடியும் வரை நேரலை கூடாது என்று விதியே வந்தது. அந்த ஒரு விதியை நான் எதிர்க்க மாட்டேன். அது தாமதப்படுத்துகிறது, மறைக்கவில்லை.

படங்களைப் பற்றி என் கோபம் வேறு. 2019 ஜனவரியில் கென்யத் தலைநகர் நைரோபியின் டூசிட் விடுதி வளாகம் தாக்கப்பட்டபோது, நாற்காலிகளில் சாய்ந்தபடி இறந்து கிடந்தவர்களின் படத்தை நியூயார்க் டைம்ஸ் தன் இணையதளத்தில் வெளியிட்டது. கென்யர்கள் கொதித்தெழுந்தார்கள். நியூயார்க்கில் இறந்தவர்களை இப்படிக் காட்டுவீர்களா என்பதே அவர்கள் கேள்வி. உறவினருக்குத் தகவல் போய்ச் சேரும் முன்பே, உடுத்தியிருந்த சட்டையை வைத்து ஒரு தாய் தன் மகனை அடையாளம் காணக்கூடிய படம் எந்த உண்மையையும் கூட்டிச் சொல்வதில்லை. நம் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் உடலை மூடுகிறோம், அப்புறம்தான் ஊருக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

அரசு சொல்வதை மட்டும் வெளியிட்டால் பிழை வராது என்ற நம்பிக்கைக்கு இலங்கையே பதில். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் இறந்தோர் 359 பேர் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். சில நாட்களில் அது ஏறத்தாழ 253 என்று குறைந்தது. அதைவிடக் கொடுமை, தேடப்படுவோர் என்று காவல்துறை வெளியிட்ட படங்களில் ஒன்று, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இளம்பெண்ணுடையது. காவல்துறை தவறை ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்த முகம் உலகைச் சுற்றி வந்துவிட்டது, கொலை மிரட்டல்களும் வந்துவிட்டன. காவல்துறையின் தாளை வாங்கி அப்படியே ஏற்றியவர்களுக்கு அதில் பங்கில்லையா?

டர்பனுக்கு வடக்கே, நான் குடியிருக்கும் வெருலத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2018 மே 10 அன்று, பக்கத்து ஒட்டாவாவில் உள்ள இமாம் ஹுசைன் பள்ளிவாசலில் புகுந்தவர்கள் மூவரைக் கத்தியால் தாக்கினார்கள், ஒருவர் இறந்தார். அக்டோபரில் பத்துக்கும் மேற்பட்டோர் கைதானபோது எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம் கடைக்காரரிடம் பத்து வருடம் கடன் வைத்தவர்கள்கூட அந்த வாரம் தயங்கித் தயங்கித்தான் உள்ளே போனார்கள். 2020இல், வழக்கு இழுத்துக்கொண்டே போனதால், நீதிமன்றம் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அது விடுதலைத் தீர்ப்பு அன்று. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதென்றும் பொருள் அன்று. காரிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரிடமும் கேட்டேன். கைதானது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வழக்கு என்ன ஆயிற்று என்பது, நீதிமன்றத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஒருவரைத் தவிர, யாருக்கும் தெரியவில்லை.