அந்த நிலத்துக்கு ஆள் இருக்கிறது

ஆப்பிரிக்காவில் நிலக் குத்தகைக்குப் பணம் கட்ட நம்மவர்களை அழைக்கும் கூட்டம் ஒன்றின் காணொளி அது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை இங்கே மறுபடி பகிரப் போவதில்லை. மேடையில் நின்றவர் ஆப்பிரிக்க வரைபடத்தைத் திரையில் காட்டி, லட்சக்கணக்கான ஏக்கர் ஆளில்லாமல் கிடக்கிறது, 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைக்கும், முந்திக்கொள்பவருக்கே யோகம் என்று சொல்லச் சொல்ல, கூட்டம் கைதட்டியது. அதன் கீழே நான் எழுதியது ஒரே வரி: "அந்த நிலத்துக்கு ஆள் இருக்கிறது." அதற்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை என்னைத் தொடவில்லை. ஆனால் என்னிடம் படித்த ஒரு தம்பி, "சார், வளர்ச்சி என்றாலே உங்களுக்கு ஆகாது" என்று எழுதியிருந்தது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எத்தியோப்பியாவில் ஆசிரியராக இருந்து, அந்த நாட்டுச் சம்பளத்தில் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். அந்த மக்களின் வளர்ச்சி எனக்கு ஆகாது என்று என்னை அறிந்தவரே சொல்லும்போது, ஒரு வரியில் முடித்தது போதாது என்று தோன்றியது.

முதலில் அந்த ஒரு வரியையே திரும்பச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் ஆளில்லாத நிலம் என்று உங்களுக்குக் காட்டப்படும் நிலத்துக்கு அநேகமாக எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறது. கோடையில் நீங்கள் பார்க்கும்போது வெறும் புல்லாகத் தெரியும் வெளி, மழை மாறியதும் மந்தைகள் வந்து சேரும் மேய்ச்சல் நிலமாக இருக்கும். நான்கைந்து ஆண்டு பயிரிட்டுவிட்டு மண் தேறட்டும் என்று விட்டுவைத்த நிலம், வெளியாள் கண்ணுக்குப் புதர்க்காடாகத்தான் தெரியும். வடக்குக் கானாவிலும் புர்கினா ஃபாசோவிலும் தனித்தனியாக நிற்கும் ஷியா மரங்களின் அடியில் கொட்டை பொறுக்கி வெண்ணெய் எடுத்து விற்றுத்தான் எத்தனையோ பெண்கள் வீட்டுச் செலவைப் பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் இவை எதுவும் தெரியாது. அமைச்சகத்தின் கோப்பிலும் தெரியாது.

கோப்பில் ஏன் தெரியாது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1915-இல் ஆங்கிலேயர் கென்யாவில் கொண்டுவந்த அரசு நிலச் சட்டம், அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை முடியரசின் நிலத்தில் தங்கியிருப்பவர்களாக மாற்றியது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஆட்சிப் பகுதிகளில், உடையவர் என்று ஏட்டில் எவரும் இல்லாத நிலமெல்லாம் அரசுக்கே சேரும் என்று வைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு வந்த அரசுகளில் பல, கொடியை மாற்றினவே தவிர இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை, ஏனென்றால் அது ஆட்சியில் இருப்பவருக்கு வசதியானது. ஆப்பிரிக்காவின் கிராமப்புற நிலத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் முறையாகப் பதிவாகியிருக்கிறது என்று உலக வங்கி 2013-இல் சொன்னது. மீதி 90 விழுக்காட்டில் மக்கள் வாழ்கிறார்கள், உழுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், இறந்தவர்களைப் புதைக்கிறார்கள். காகிதம் மட்டும் இல்லை.

"காகிதம் இல்லாதபோது அது எப்படி அவர்களுடைய நிலமாகும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், ஆகவே இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். அந்த நாடுகளின் சட்டங்களே இதற்குப் பதில் சொல்லிவிட்டன. மொசாம்பிக்கில் நிலம் அரசுடையது. ஆனால் அந்நாட்டின் 1997 நிலச் சட்டம், வழக்காற்று முறையில், அதாவது ஊர் வழக்கப்படி, ஒரு நிலத்தில் இருப்பவர்களுக்கும், நல்லெண்ணத்துடன் 10 ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியவர்களுக்கும் அதன் மீது உரிமை உண்டு என்கிறது. பத்திரம் இல்லை என்பதால் அந்த உரிமை போய்விடாது. அக்கம்பக்கத்தார் வாய்மொழியாகச் சொல்லும் சாட்சியமே போதும். உகாண்டாவின் 1995 அரசமைப்பு, நிலம் குடிமக்களுக்கே உரியது என்று எழுதி, வழக்காற்று உடைமையையும் ஏற்றுக்கொண்டது. லைபீரியாவின் 2018 சட்டமும் பத்திரத்தைக் கேட்காமலே சமூக நிலத்தை உடைமையாக ஒப்புக்கொள்கிறது. சியரா லியோனில் 2022-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், குடும்ப நிலத்தில் முதலீட்டாளர் கால்வைக்க வேண்டுமானால் அக்குடும்பத்தின் வயதுவந்த ஆண், பெண் உறுப்பினர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்கிறது. மேடையில் பேசியவர் இவற்றில் எதையாவது சொன்னாரா? குத்தகைத் தொகையைச் சொன்னார், விமானக் கட்டணத்தைக்கூடச் சொன்னார், சம்மதத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

சம்மதம் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு நிறுவனமே சாட்சி. பெங்களூரைச் சேர்ந்த கருட்டூரி குளோபல், மேற்கு எத்தியோப்பியாவின் கம்பெல்லா மாநிலத்தில் 1 லட்சம் ஹெக்டேரை 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது; மொத்தம் 3 லட்சம் ஹெக்டேர் என்பதே அன்றைய பேச்சு. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 பிர் (எத்தியோப்பிய நாணயம்), அன்றைய மதிப்பில் ஒரு டாலருக்குச் சற்று மேல். அது பாரோ ஆற்றின் வெள்ளச் சமவெளி. அங்கே வாழும் அனுவாக் மக்கள் வெள்ளம் வடிந்த பின் கரையில் விதைத்தும், மேட்டில் இடம் மாற்றி மாற்றிப் பயிரிட்டும் வந்தவர்கள். 2011-இல் ஆறு பெருகி நிறுவனத்தின் மக்காச்சோளத்தை அழித்தது. அந்த ஆறு எதுவரை ஏறும் என்பது கரையில் இருந்த ஒவ்வொரு கிழவருக்கும் தெரிந்திருக்கும். 2015-இன் இறுதியில் எத்தியோப்பிய அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மடகாஸ்கரில் நடந்தது இன்னும் பெரிது. 2008-இல் தென்கொரியாவின் தேவூ நிறுவனம் 13 லட்சம் ஹெக்டேரை 99 ஆண்டுகளுக்கு எடுக்கப் போகிறது என்ற செய்தி வெளியானது. அதனால் எழுந்த கோபம், அடுத்த ஆண்டு ஆட்சியே கவிழ்ந்ததற்கு ஒரு காரணமாக இருந்தது. குத்தகை மலிவு என்று கைதட்டியவர்கள் இந்த இரண்டு கதைகளையும் தேடிப் படிக்க வேண்டும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எத்தியோப்பியாவின் பாஹிர் தார் நகருக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு, உடன் பணியாற்றிய ஆசிரியர் தம் தாயைக் காட்ட என்னை அழைத்துப் போனார். நான் நில அளவை கற்பிப்பவன் என்று அவர் சொன்னதும் அந்த அம்மா உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய சிறிய பச்சைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அம்ஹாரா மாநிலம் உழவர்களுக்குக் கொடுத்த நிலச் சான்று அது. முதல் பக்கத்தில் கணவர் படமும் மனைவி படமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன. உள்ளே வரைபடம் இல்லை, அளவை எண் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் கிழக்கே இன்னார், மேற்கே இன்னார், வடக்கே ஓடை என்று நான்கெல்லை மட்டும் எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்த வரி எந்தத் துண்டைக் குறிக்கிறது என்று விரல் வைத்துச் சொன்னார். கணவர் இறந்ததும் அவருடைய சகோதரர்கள் நிலத்தைக் கேட்டு வந்ததாகவும், ஊர் நிலக்குழுவின் முன் இந்தப் புத்தகத்தில் இருந்த தம் படத்தைக் காட்டியதோடு பேச்சு முடிந்ததாகவும் மகன் மொழிபெயர்த்துச் சொன்னார். ஒரு டாலர் அளவுக்கே செலவு பிடித்த சான்று ஒரு கைம்பெண்ணை அவருடைய நிலத்திலேயே நிறுத்தி வைத்தது. நான் வகுப்பில் பல ஆண்டுகளாக நடத்திய துல்லிய அளவைப் பாடங்களைவிட அந்தப் பக்கம் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

அந்தப் புத்தகத்தைக் கொடுத்த நாடும் கம்பெல்லாவைக் குத்தகைக்கு விட்ட நாடும் ஒன்றுதான். மேட்டுநில உழவர்களுக்கு அந்தச் சான்று போய்ச் சேர்ந்தது; கம்பெல்லாவின் அனுவாக் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை. எங்கே காகிதம் இல்லையோ அந்த இடம்தான் முதலீட்டாளரின் வரைபடத்தில் காலியிடமாக வருகிறது.

"அங்கே எல்லாம் ஊழல், சட்டம் இருந்து என்ன பயன்?" என்று எழுதியவர்களுக்கு வருகிறேன். ஊழல் உண்டு, மறுக்கவில்லை. கென்யாவில் அரசு நில முறைகேடுகளை விசாரித்து 2004-இல் வந்த இன்டுங்கு ஆணைய அறிக்கை, முறைகேடாகக் கொடுக்கப்பட்ட பட்டாக்கள் ஏறத்தாழ 2 லட்சம் என்று கணக்கிட்டது. அதற்குப் பின் 2010-இல் புதிய அரசமைப்பு வந்தது, தேசிய நில ஆணையம் வந்தது, 2016-இல் சமூக நிலச் சட்டமும் வந்தது. ஆனாலும் அந்நாட்டின் மாவ் காட்டில் தலைமுறைகளாக வாழும் ஓகியெக் பழங்குடி மக்களின் நிலை என்ன? தான்சானியாவின் அருஷாவில் உள்ள ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022-இல் இழப்பீடும் கூட்டுப் பட்டாவும் வழங்க உத்தரவிட்டது. 2023-இல் அவர்களுடைய வீடுகள் மறுபடியும் இடிக்கப்பட்டன. இதை எழுதும்போது எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லிப் போராடும் மக்களைப் பார்த்து, உங்கள் நாட்டில் சட்டம் செல்லாது, ஆகவே நாங்களும் மதிக்க மாட்டோம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

செய்ய முடியும் என்பதற்கு ருவாண்டா இருக்கிறது. 2009-இல் தொடங்கி ஐந்தாண்டுக்குள் 1 கோடிக்கும் அதிகமான துண்டுகளை அந்தச் சிறிய நாடு பதிவு செய்தது. வான்வழிப் படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், உரியவரும் பக்கத்து நிலத்துக்காரரும் முன்னிற்க எல்லையை நடந்து பார்த்து, படத்தின் மேலேயே கோடு போட்டார்கள். ஒரு துண்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 6 முதல் 7 டாலர். இதில் குறை இல்லாமல் இல்லை. விற்றால் பெயர் மாற்றத்துக்கு 30,000 ருவாண்டா பிராங்க் கட்டணம் என்று வைத்ததால், சிறு துண்டு விற்பவர்கள் பதிவுக்குப் போகாமல் கையெழுத்தோடு முடித்துக்கொண்டார்கள். பதிவேடு மெல்ல மெல்ல நிலத்திலிருந்து விலகத் தொடங்கியது. முறைப்படி திருமணம் பதியாத மனைவிகளின் பெயரும் விடுபட்டது. பட்டா கொடுப்பதோடு வேலை முடியவில்லை, அடுத்த தலைமுறையும் எளிதாகப் பெயர் மாற்ற முடிகிறதா என்பதுதான் நிர்வாகம். உதவி செய்ய விரும்பும் நம்மூர்ப் பொறியாளர்களுக்கு இதில் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? அதற்குக் கூட்டம் போடுபவர் யாரும் இல்லை.

"ஊர்த் தலைவர்களே கையெழுத்துப் போட்டுத் தருகிறார்களே" என்ற வாதம் வலுவானது. அதை நான் தட்டிக்கழிக்க முடியாது. கானாவில் நிலத்தின் பெரும்பகுதி வழக்காற்றுத் தலைவர்கள், குலங்கள் வசம்தான். மக்களுக்காக அறங்காவலராக இருக்க வேண்டிய சில தலைவர்கள், நகரம் நெருங்க நெருங்க உடையவர் போல விற்றார்கள். ஒரே மனை பலருக்கு விற்கப்பட்டது. காவலுக்கு அடியாட்கள் வந்தார்கள். அந்த நாட்டின் 2020 நிலச் சட்டம், நிலத்தை நிர்வகிக்கும் தலைவர்கள் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்து, அடியாள் வைப்பதையும் குற்றமாக்கியது. ஆகவே தலைவர் கையெழுத்து வேறு, ஊர்ச் சம்மதம் வேறு. அந்தக் கையெழுத்தில் பெண்கள் எங்கே என்று தேடிப் பாருங்கள். ஆவணமான நில உரிமையில் 30 விழுக்காடாவது பெண்களுக்குச் சேர வேண்டும் என்பது ஆப்பிரிக்க ஒன்றியம் வைத்த இலக்கு. நிலத்தில் குனிந்து நிற்பவர்களில் பெண்கள் எவ்வளவு பேர் என்று பார்த்தவனுக்கு அந்த 30-ஏ குறைவாகத் தெரிகிறது.

சீனாக்காரன் போகவில்லையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்தவன் செய்வது எனக்கு அளவுகோல் ஆகாது. வேலை கொடுக்கிறோமே என்பவர்கள், சொந்த நிலத்தில் உழுதவனை அதே நிலத்தில் தினக்கூலியாக நிறுத்துவதை எந்தக் கணக்கில் வேலைவாய்ப்பு என்கிறார்கள் என்பதை மட்டும் விளக்கட்டும்.

தமிழர்கள் இதைப் பேசுவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்கள் கரும்புத் தோட்டக் காலம் முடிந்ததும் டர்பனை ஒட்டிய கேட்டோ மேனர் போன்ற இடங்களில் சிறு துண்டுகள் பிடித்துக் காய்கறி பயிரிட்டார்கள், கோயில் கட்டினார்கள். 1946-இல் ஆசியர் நில உடைமைச் சட்டம் வந்தது, 1950-இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. அந்த மக்கள் அங்கிருந்து துரத்தப்பட்டார்கள். கறுப்பின மக்களுக்கோ 1913-லேயே நாட்டு நிலத்தில் சுமார் 7 விழுக்காடுதான் என்று எழுதி வைக்கப்பட்டிருந்தது. 1994-இல் வந்த நில மீட்புச் சட்டத்தின் கீழ் இரு தரப்பாரும் மனுப் போட்டு நின்றார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் வரைபடத்தின் மீது கோடு போட்டு, இங்கே உனக்கு இடமில்லை என்று சொல்லப்பட்ட மக்கள் நாமும்தான். அதே கண்டத்தின் வரைபடத்தைத் திரையில் போட்டு இங்கே ஆளில்லை என்று ஒரு தமிழர் சொல்ல, தமிழர்களே கைதட்டுவதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஆப்பிரிக்காவில் தொழில் செய்யாதீர்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நிலத்தைத் தொடாமல், உழவரிடம் விளைச்சலை வாங்கும் ஒப்பந்தம் போடலாம், ஆலை வைக்கலாம், விதையும் பாசனமும் கொண்டுபோகலாம். ஆப்பிரிக்க ஒன்றியமும் ஐக்கிய நாடுகளின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையமும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட பெருநில முதலீட்டு நெறிகளே, நிலத்தைக் கைமாற்றாத வழிகளை ஆராயச் சொல்கின்றன.

அந்தக் கூட்டத்துக்குப் பணம் கட்டிய நண்பர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அடுத்த தவணை கட்டுவதற்கு முன் மேடையில் பேசியவரிடம் கேளுங்கள்: அந்த நிலம் எந்த ஊர் எல்லையில் இருக்கிறது, யாருடைய மந்தை அங்கே வருகிறது, சம்மதம் கேட்ட ஊர்க்கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, அதில் கையெழுத்திட்ட பெண்கள் எத்தனை பேர், அந்தக் கூட்டக் குறிப்பின் நகல் எங்கே. பதில் வந்தால் அதை இங்கேயே பின்னூட்டத்தில் போடுங்கள். நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.